பழைய கணினியில் ஓடிய கணிப்பு நிரல் புதிய லினக்ஸில் ஏன் தடுமாறுகிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உபுண்டு 18.04 இருந்த கணினியில் நெடுங்காலம் ஓடிய, எம்பிஐ என்ற செய்தி பரிமாற்ற முறை வழியாகப் பல செயலிகளில் இயங்கக்கூடிய ஒரு ஃபோர்ட்ரான் கணிப்பு நிரலை, உபுண்டு 22.04 உள்ள கணினிக்கு மாற்றுகிறீர்கள். வீட்டு அடைவை அப்படியே நகலெடுத்துவிட்டு மூலநிரலை மறுபடி கம்பைல் செய்ய (இயங்கும் நிரலாக மாற்ற) முயன்றபோது, எஃப்எஃப்டிடபிள்யூ என்ற ஃபூரியர் மாற்ற லைப்ரரி (பிற நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்தத் துணைநிரல்களின் தொகுப்பு) நிறுவப்பட்டிருந்தும் அது கிடைக்கவில்லை என்று, தேவையானவை உள்ளனவா எனச் சோதிக்கும் கன்ஃபிகர் நின்றது. அதைக் கடந்ததும், அழைப்புகளின் வாதங்கள் (துணைநிரல்களுக்குக் கொடுக்கப்படும் மதிப்புகள்) வகையில் பொருந்தவில்லை என்று கம்பைலர் மறுத்தது. ஒருவழியாக உருவான நிரலோ லிப்ஜிஃபோர்ட்ரான்.எஸ்ஓ.4 என்ற ஃபோர்ட்ரான் லைப்ரரிக் கோப்பு இல்லை என்று சொல்லித் தொடங்கவே இல்லை. அந்தக் கோப்பைப் பழைய கணினியிலிருந்து கொண்டுவந்து வைத்த பிறகு நிரல் ஓடுகிறது, ஆனால் நான்கு செயல்முறைகளாக ஓட்டினால் நான்கும் தனித்தனியே ஒரே கணக்கை முழுதாகச் செய்கின்றன. இயங்குதளத்தையே மறுபடி நிறுவிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். இயங்குதளத்தில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மேலும், அதே வீட்டு அடைவை மீண்டும் கொண்டுவந்து வைத்தால் இதே தடைகள் இதே வரிசையில் திரும்பவும் வரும். உங்கள் நான்கு தடைகளில் இரண்டாவது மட்டும்தான் தனிக் கதை. மற்ற மூன்றும், ஒரு மென்பொருளை உருவாக்கும்போதும் ஓட்டும்போதும் அதற்குத் தேவையானவை எங்கெங்கே தேடப்படுகின்றன என்ற ஒரே விஷயத்தின் மூன்று முகங்கள். ‘இந்த லைப்ரரி என் கணினியில் இருக்கிறதா?’ என்று தேடுவதால் இத்தகைய சிக்கல்கள் தீர்வதில்லை, ஏனெனில் பெரும்பாலும் அது இருக்கும், சில சமயம் மூன்று பிரதிகளாக இருக்கும். ‘இந்தக் கட்டத்தில் எந்தப் பிரதியை எடுத்துக்கொண்டது?’ என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

கட்டங்கள் மூன்று. கம்பைலர் மூலநிரலைப் படிக்கும்போது அதற்குத் தலைப்புக் கோப்புகளும் ஃபோர்ட்ரானின் மாட்யூல் கோப்புகளும் வேண்டும். லிங்கர் துண்டுகளை ஒன்றாக இணைக்கும்போது, பதிப்பு எண் இல்லாமல் எஸ்ஓ என்று முடியும் பெயருள்ள லைப்ரரி கோப்பைத் தேடும். நிரலை நீங்கள் ஓட்டும் கணத்தில் லோடர் என்னும் இன்னொரு நிரல் வந்து, இணைக்கும்போது நிரலுக்குள் எழுதிவைக்கப்பட்ட பெயரை, அதாவது எஸ்ஓ.3, எஸ்ஓ.5 என்று பதிப்பு எண்ணோடு உள்ள பெயரை, மறுபடியும் புதிதாகத் தேடும். இந்த மூன்று தேடல்களும் வெவ்வேறு அடைவுப் பட்டியல்களைப் பயன்படுத்துகின்றன. ஒன்று கண்டதை மற்றொன்று நினைவில் வைத்துக்கொள்வதில்லை. லிங்கர் ஒரு பிரதியைப் பார்த்து இணைத்திருக்க, லோடர் வேறொரு பிரதியை எடுத்து ஓட்டுவது இதனால்தான் சாத்தியமாகிறது. உங்கள் மூன்றாவது தடை அதுவேதான். வரிசையாக வருகிறேன்.

எஃப்எஃப்டிடபிள்யூ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெபியன் வழி வந்த உபுண்டு போன்ற இயங்குதளங்களில் ஒரு லைப்ரரி இரண்டு பொதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஓட்டுவதற்கு மட்டும் போதுமான பொதி ஒன்று, கம்பைல் செய்வதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகளும் எண்ணில்லாத எஸ்ஓ பெயரும் அடங்கிய, டெவ் என்று முடியும் பொதி மற்றொன்று. உங்களிடம் இருப்பது முதலாவது, அது வேறு ஏதோ மென்பொருளுக்குத் துணையாகத் தானே வந்திருக்கும். ஆகவே லிப்எஃப்எஃப்டிடபிள்யூ3-டெவ் என்ற பொதியை நிறுவுங்கள். ஃபெடோரா, ரெட்ஹேட் வகைகளில் இதே பொதி டெவெல் என்று முடியும். கன்ஃபிகர் திரையில் காட்டும் ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் நம்பாமல், அது அதே அடைவில் எழுதிவைக்கும் கன்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து பார்க்கும் பழக்கம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். கன்ஃபிகர் ஒரு சிறிய சோதனை நிரலை எழுதி, அதைக் கம்பைல் செய்து பார்த்துத்தான் முடிவுக்கு வருகிறது; எந்தக் கட்டளையைக் கொடுத்தது, லிங்கர் என்ன பதில் சொன்னது என்பவை அந்தக் கோப்பில் வரிக்கு வரி இருக்கும். கன்ஃபிகருக்குப் பதிலாகச் சிமேக் என்ற கருவியைப் பயன்படுத்தும் மென்பொருள்களில் இதே செய்தி சிமேக்ஃபைல்ஸ் என்ற உள்ளடைவில் கிடைக்கும். லைப்ரரி உண்மையிலேயே இல்லாததால் சோதனை தோற்றதா, அல்லது தொடர்பே இல்லாத வேறொரு பிழையால், உதாரணமாகக் கம்பைலருக்குத் தெரியாத ஒரு விருப்பத்தை நீங்கள் கொடுத்ததால், எல்லாச் சோதனைகளும் தோற்றனவா என்பது அங்கேதான் தெரியும்.

வாதப் பொருத்தம் பற்றிய இரண்டாவது தடைக்குக் காரணம் கம்பைலரின் வயது. உபுண்டு 18.04-இல் இயல்பாக இருந்தது ஜிசிசி என்ற கம்பைலர் தொகுப்பின் 7-ஆம் பதிப்பு, 22.04-இல் இருப்பது ஜிசிசி 11. இடையில், 2020-இல் வெளியான ஜிசிசி 10 முதல், ஒரே துணைநிரலை ஓரிடத்தில் முழு எண்ணோடும் மற்றோரிடத்தில் மெய்யெண்ணோடும் அழைப்பதை அதன் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரான் பிழையாகவே கருதத் தொடங்கிவிட்டது. அதற்கு முன்பும் அது மொழியின் விதிக்குப் புறம்பானதுதான், கம்பைலர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது, அவ்வளவே. எம்பிஐயின் அனுப்பு, பெறு அழைப்புகளுக்குப் பல வகைத் தரவுகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் பழைய நிரல்கள் எல்லாமே இங்கே வந்து முட்டுகின்றன. எஃப்அலோ-ஆர்க்யுமென்ட்-மிஸ்மேட்ச் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் பிழை எச்சரிக்கையாகத் தணிந்துவிடும். கட்டுப்பாடற்ற வடிவிலும் பழைய பத்தி வடிவிலும் கோப்புகள் கலந்திருக்கும் நிரல்களில் எஃப்சிஃப்ளாக்ஸ், எஃப்ஃப்ளாக்ஸ் என்ற இரண்டு மாறிகளிலும் அதைச் சேர்க்க வேண்டும், ஒன்றில் மட்டும் சேர்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று குழம்புவது வழக்கமாக நடப்பது.

ஆனால் அந்த விருப்பத்தைக் கொடுத்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடாதீர்கள். தணிக்கப்பட்ட எச்சரிக்கைகளை ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். எம்பிஐ அழைப்புகளைப் பற்றியவை தீங்கற்றவை, எம்பிஐஎஃப்.எச் கோப்பைச் சேர்க்கும் வரிக்குப் பதிலாக எம்பிஐ மாட்யூலைப் பயன்படுத்தும்படி மாற்றினால் ஓப்பன் எம்பிஐ என்ற எம்பிஐ மென்பொருளில் அவை பெரும்பாலும் மறைந்துவிடும். உங்கள் சொந்தத் துணைநிரல்களைப் பற்றிய எச்சரிக்கை ஏதாவது வந்தால், குறிப்பாக இரட்டைத் துல்லியம் எதிர்பார்க்கப்படும் இடத்தில் ஒற்றைத் துல்லிய மாறி கொடுக்கப்பட்டிருந்தால், அது பழைய கணினியிலும் தவறான விடையைத்தான் தந்துகொண்டிருந்திருக்கும். அதைத் திருத்தாமல் மேலே போவதில் பொருளில்லை.

இனி லிப்ஜிஃபோர்ட்ரான். பெயரின் கடைசியில் உள்ள எண் அலங்காரத்திற்கு இல்லை. ஜிசிசி 7-இன் லைப்ரரி 4 என்றும், ஜிசிசி 8 முதல் வருபவை 5 என்றும் எண்ணிடப்பட்டுள்ளன, ஏனெனில் அணிகளை நினைவகத்தில் விவரிக்கும் அமைப்பே ஜிசிசி 8-இல் மாறியது. ஆகவே 5-ஐச் சுட்டும் ஓர் இணைப்புக் கோப்பை 4 என்ற பெயரில் உருவாக்கிவிடலாம் என்ற ஆலோசனை எங்கேனும் கண்ணில் பட்டால் அதைப் பின்பற்றாதீர்கள். லைப்ரரிக்குள் இருக்கும் ஒவ்வொரு குறியீட்டுப் பெயரும் தன் பதிப்பைத் தாங்கியிருப்பதால் லோடர் பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்து மறுத்துவிடும், ஆனால் அந்தக் காவலை நம்பி ஓர் ஆய்வு முடிவைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டிய கேள்வி வேறு. நிரலை ஜிசிசி 11-ஆல் புதிதாகக் கம்பைல் செய்திருக்கும்போது அதற்கு 4 எதற்காகத் தேவைப்பட்டது? ரீட்எல்ஃப் கட்டளையை மைனஸ் டி விருப்பத்தோடு உங்கள் நிரலின் மேல் ஓட்டிப் பாருங்கள். அது நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகள் மட்டும் பட்டியலாக வரும், அதில் லிப்ஜிஃபோர்ட்ரான் 5 இருக்கும், 4 இருக்காது என்று எதிர்பார்க்கிறேன். பிறகு எல்டிடி கட்டளையை ஓட்டுங்கள். அது, நேரடியாகக் கேட்கப்பட்டவை, அவை கேட்பவை, அவற்றின் துணைகள் என்று எல்லாவற்றையும் தேடி, ஒவ்வொன்றும் எந்த அடைவிலிருந்து எடுக்கப்பட்டது என்று காட்டும். அந்தப் பட்டியலில் லிப்ஓப்பன்பிளாஸ்.எஸ்ஓ.0 என்ற வரியை, அதாவது அணிக் கணக்குகளுக்கான ஓப்பன்பிளாஸ் லைப்ரரியின் வரியை, பாருங்கள். அதற்கு எதிரே கணினியின் பொது லைப்ரரி அடைவு இருக்காது, உங்கள் வீட்டு அடைவுக்குள் இருக்கும் ஒரு பாதை இருக்கும் என்பது என் கணிப்பு.

நடந்திருக்கக்கூடியது இதுதான். லிங்கர் உபுண்டு 22.04-இன் ஓப்பன்பிளாஸைப் பார்த்துச் சரியாகவே இணைத்தது. பழைய கணினியிலிருந்து வந்த, முனையம் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பிலோ, எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி உங்கள் வீட்டு லைப்ரரி அடைவைச் சுட்டிக்கொண்டிருக்கிறது. லோடர் அந்த மாறியில் உள்ள அடைவுகளைக் கணினியின் பொது அடைவுகளுக்கு முன்பாகவே பார்க்கும். அங்கே அதே பெயரில், அதே பதிப்பு எண்ணில், 18.04 காலத்து ஓப்பன்பிளாஸ் இருந்தது. லோடர் அதை எடுத்தது. அது தன்னை உருவாக்கிய ஜிசிசி 7-இன் லிப்ஜிஃபோர்ட்ரானைக் கேட்டது. பிழைச்செய்தியில் உங்கள் நிரலின் பெயர்தான் முன்னால் வந்திருக்கும், ஆனால் கேட்டவர் யார் என்பதை அது சொல்வதில்லை. இது லோடரின் பிழைச்செய்தியில் எனக்குப் பிடிக்காத ஒரு குறை. கேட்டவரை நேராகப் பார்க்க வேண்டுமானால், எல்டி_டீபக் என்ற மாறிக்கு ஃபைல்ஸ் என்ற மதிப்பைக் கொடுத்து நிரலை ஓட்டினால், லோடர் ஒவ்வொரு லைப்ரரியையும் எந்தக் கோப்பு கேட்டது என்று வரிசையாகக் கொட்டும். வெளியீடு நீளமாக இருக்கும், ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு தேடுங்கள்.

நீங்கள் 4-ஐக் கொண்டுவந்து வைத்ததும் நிரல் ஓடத் தொடங்கியது உண்மைதான். பதிப்புக் குறிகள் வேறுவேறாக இருப்பதால் இரண்டு லிப்ஜிஃபோர்ட்ரான்களும் ஒரே செயல்முறைக்குள் அருகருகே இருக்க முடியும். ஆனால் உங்கள் அணிப் பெருக்கல்கள் அனைத்தும் இப்போது பழைய ஓப்பன்பிளாஸில்தான் நடக்கின்றன. அது வெளிவந்தபோது இல்லாத செயலி உங்கள் புதிய கணினியில் இருக்குமானால், அதை அடையாளம் காணாமல் மெதுவான பொது வழியைத் தேர்ந்தெடுக்கவும் கூடும். கொண்டுவந்து வைத்த கோப்பை நீக்குங்கள். வீட்டு அடைவில் உள்ள பழைய லைப்ரரி அடைவின் பெயரை மாற்றுங்கள், உடனே அழித்துவிட வேண்டாம். பாஷ்ஆர்சியில் அந்த மாறியை அமைக்கும் வரியை எடுத்துவிடுங்கள்.

எல்டி_லைப்ரரி_பாத் மாறியைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. ஒரு கட்டளைக்கு முன்னால் அதை ஒருமுறை கொடுத்துச் சோதித்துப் பார்ப்பதற்கு அது நல்ல கருவி, உள்நுழையும்போதெல்லாம் படிக்கப்படும் கோப்பில் நிரந்தரமாக வைத்தால் நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு நிரலையும் அது பாதிக்கும். வீட்டு அடைவில் நீங்களே கம்பைல் செய்த லைப்ரரி ஒன்றை நிரந்தரமாகப் பயன்படுத்த வேண்டுமென்றால், இணைக்கும்போது ஆர்பாத் விருப்பத்தின் வழியாக அந்தப் பாதையை அந்த ஒரு நிரலுக்குள்ளேயே எழுதிவிடுவது மேலானது. எல்லாப் பயனர்களுக்கும் வேண்டுமானால், ஈடிசி அடைவின் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி என்ற உள்ளடைவில் ஒரு கோப்பை வைத்து எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்ட வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சூடோவுடன், அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டும் கட்டளைக்கு உங்கள் சூழல் மாறிகள் பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை. சாதாரணமாக ஓட்டினால் வேலை செய்யும் ஒன்று சூடோ கொடுத்தவுடன் லைப்ரரி இல்லை என்பதும், அதற்கு நேர்மாறாக நடப்பதும் இதனால்தான்.

நான்காவது தடை, பிழைச்செய்தி எதையும் காட்டாமல் வந்ததால், நான்கிலும் ஆபத்தானது. நான்கு செயல்முறைகளும் தாம் 1-இல் 0-வது என்று நினைத்துக்கொள்கின்றன என்றால், நிரல் ஓர் எம்பிஐ மென்பொருளோடு இணைக்கப்பட்டு, வேறோர் எம்பிஐயின் தொடக்கக் கட்டளையான எம்பிஐரன்னால் தொடங்கப்படுகிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஓப்பன் எம்பிஐ, எம்பிச் இரண்டும் ஒரே தரத்தைப் பின்பற்றுபவை, மூலநிரல் இரண்டிலும் கம்பைல் ஆகும். ஆனால் தொடங்கி வைக்கும் நிரல் தன் பிள்ளைகளுக்கு ‘நீ எத்தனையாவது, மொத்தம் எத்தனை பேர்’ என்று தெரிவிக்கும் முறை இரண்டிலும் வேறு. தெரிவிக்கப்பட்டதைப் புரிந்துகொள்ளாத செயல்முறை, தன்னை யாரோ தனியாக ஓட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் தானே செய்கிறது. நான்கும் ஒரே வெளியீட்டுக் கோப்பில் எழுதினால் முடிவுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும்.

சரிபார்ப்பது எளிது. எம்பிஐரன்னிடம் பதிப்பைக் கேளுங்கள். ஓப்பன் எம்பிஐ என்றால் அந்தப் பெயரையே சொல்லும், எம்பிச் என்றால் ஹைட்ரா என்ற சொல் வரும். பிறகு எல்டிடி பட்டியலில் லிப்எம்பிஐ வரியைப் பாருங்கள். எஸ்ஓ.40 என்றால் ஓப்பன் எம்பிஐ, எஸ்ஓ.12 என்றோ லிப்எம்பிச் என்றோ இருந்தால் எம்பிச் குடும்பம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் டைப் மைனஸ் ஏ என்ற கட்டளையால் எம்பிஐரன் எத்தனை இடங்களில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கணினியில் அது, மென்பொருள்களைத் தனிச் சூழல்களில் நிறுவும் கருவியான கோண்டாவின் சூழலுக்குள் ஒன்றாகவும், பொது அடைவில் ஒன்றாகவும் இருக்கலாம் என்று ஊகிக்கிறேன், ஏனெனில் நீங்கள் ஒட்டிய முனைய வரியின் தொடக்கத்தில் கோண்டாவின் பேஸ் என்ற அடையாளம் தெரிகிறது. கோண்டாவின் அடிப்படைச் சூழல் முனையம் திறந்தவுடனே விழித்துக்கொண்டு கட்டளைகள் தேடப்படும் அடைவுகளைப் பட்டியலிடும் பாத் மாறியின் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆட்டோ_ஆக்டிவேட்_பேஸ் என்ற அமைப்பைப் பொய் என்று மாற்றினால் அது தானாக விழிக்காது. கைப்பட ஏதாவது கம்பைல் செய்யும் எவருக்கும் முதல் நாளே இதைச் செய்துவிடச் சொல்வேன்.

கோண்டாவைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு வேண்டிய மென்பொருள் கோண்டா-ஃபோர்ஜ் என்ற பொதிக் களஞ்சியத்தில் இருந்தால், கம்பைலரும் எம்பிஐயும் உட்பட எல்லாவற்றையும் அதிலிருந்தே ஒரு தனிச் சூழலில் நிறுவிக்கொள்வது முற்றிலும் சரியான வழி. தொல்லை கலப்பதில்தான் இருக்கிறது. பாதி லைப்ரரிகள் கோண்டாவிலிருந்தும் பாதி உபுண்டுவிலிருந்தும் வரும்போது, ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 கிடைக்கவில்லை என்பது போன்ற செய்திகள் வரும். அந்தக் குறி ஜிசிசி 12-உடன் வந்தது, உபுண்டு 22.04-இன் சி++ லைப்ரரியில் உண்டு, கோண்டா சூழலுக்குள் இருக்கும் பழைய பிரதியில் இராது. பல மென்பொருள்களைப் பல பதிப்புகளில் மூலநிரலிலிருந்து கட்ட வேண்டிய பொதுக் கணினியென்றால் ஸ்பேக் அல்லது ஈஸிபில்டு போன்ற கருவி பொருந்தும். பழைய நிரலை மாற்றமே இல்லாமல் அதே நிலையில் ஓட்டித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், 18.04-ஐயே ஓர் ஆப்டைனர் கொள்கலனுக்குள் (இயங்குதளத்தின் கோப்புகளைத் தனியாக அடைத்துவைக்கும் உறைக்குள்) வைத்து ஓட்டலாம். உங்களிடம் மூலநிரல் இருக்கிறது, அதை நீங்களே திருத்தவும் செய்கிறீர்கள், ஆகவே இவை எதுவும் இப்போது தேவையில்லை.

மறுபடி கட்டும்போது, மேலே சொன்ன மாறிகளெல்லாம் போய்விட்டனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதைவிட, வெறுமையான சூழலிலிருந்து தொடங்குவது நல்லது. என்வ் கட்டளையை மைனஸ் ஐ விருப்பத்தோடு கொடுத்து, ஹோம் மாறியையும், பொது அடைவுகளை மட்டும் கொண்ட பாத் மாறியையும் அமைத்து, தொடக்கக் கோப்புகள் எதையும் படிக்காத ஒரு பாஷைத் திறந்துகொள்ளுங்கள். மூலநிரலைப் புதிய அடைவில் விரித்துக் கட்டுங்கள், பழைய அடைவில் முந்தைய முயற்சிகளின் பொருள் கோப்புகளும் மாட்யூல் கோப்புகளும் தங்கியிருக்கும். ஒரு கம்பைலர் பதிப்பு எழுதிய ஃபோர்ட்ரான் மாட்யூலை மற்றொன்று படிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிமேக்கோ, முதலில் கண்டுபிடித்த பாதைகளைத் தன் கேஷ் கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு, நீங்கள் என்ன மாற்றினாலும் அவற்றையே சொல்லிக்கொண்டிருக்கும். பிழை வந்தால், கட்டும் கட்டளையான மேக்கை இணையாக ஓட்டாமல், ஒரே வேலையாக ஓட்டி, வெளியீட்டைக் கோப்பில் சேமித்து, மேலிருந்து கீழாக முதல் பிழையைத் தேடுங்கள். திரையின் அடியில் நிற்பது அநேகமாக முதல் பிழையின் விளைவாக வந்த பத்தாவது பிழை. இணையாக ஓட்டும்போது கம்பைலர் ‘கொல்லப்பட்டது’ என்று மட்டும் சொல்லி நின்றால், நினைவகம் தீர்ந்துவிட்டது என்று பொருள், மூலநிரலில் குற்றம் தேட வேண்டாம்.

கட்டி முடித்ததும், நிரலோடு வரும் சோதனைக் கணக்குகளை முதலில் ஒரு செயல்முறையிலும் பிறகு நான்கிலும் ஓட்டிப் பாருங்கள். பழைய கணினியின் வெளியீடுகளோடு ஒப்பிடும்போது கடைசி இலக்கங்கள் மாறியிருந்தால் கவலைப்பட வேண்டாம், ஓப்பன்பிளாஸும் எஃப்எஃப்டிடபிள்யூவும் கூட்டும் வரிசை மாறினாலே அந்த அளவு வேறுபாடு வரும். முன் இலக்கங்கள் மாறினால், அல்லது செயல்முறைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து விடை மாறினால், மேம்பாட்டு விருப்பங்களை ஓ0 அளவுக்குக் குறைத்து, அணி எல்லைகளைச் சோதிக்கும் விருப்பத்தைச் சேர்த்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். மார்ச் நேட்டிவ் என்ற விருப்பத்தோடு கட்டிய நிரலை வேறொரு கணினிக்கு நகலெடுத்தால் ‘சட்டவிரோத அறிவுறுத்தல்’ என்று சொல்லி நின்றுவிடக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள், அது கட்டப்பட்ட செயலிக்கென்றே எழுதப்பட்டது.

நான்கு செயல்முறைகளும் இப்போது தம் வேலையைப் பகிர்ந்துகொண்டும் நிரல் எதிர்பார்த்ததைவிட மெதுவாக ஓடினால், ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் மாறியை 1 என்று அமைத்துப் பாருங்கள். பல இழைகளில் இயங்கும் ஓப்பன்பிளாஸ், ஒவ்வொரு செயல்முறைக்குள்ளும் கணினியில் உள்ள உட்கருக்கள் அனைத்தின் எண்ணிக்கைக்கும் இழைகளைத் திறக்க முயலும்; 8 உட்கருக்கள் உள்ள கணினியில் நான்கு செயல்முறைகள் 32 இழைகளாகி ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். மூலநிரலிலோ நிறுவலிலோ எதையும் தொடாமல் இந்த ஒரு மாறியாலேயே வேகம் திரும்பிவிடுவதுண்டு. அப்படித் திரும்பினால் அதை வேலையைத் தொடங்கும் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடுங்கள், பாஷ்ஆர்சியில் வேண்டாம்.